எட்டு போடக் காத்திருப்பவர்களுக்கு

எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு முப்பது நாள் எப்போது முடியும் என்று காத்திருப்பவர்களே,

கல்லூரியில் சேர்ந்த கையோடு பைக் வேண்டுமென்று வீட்டில் மல்லுக்கட்டி வாங்கியவர்கள், வேலை நிமித்தமாக ஸ்கூட்டரிலிருந்து கியர் வண்டிக்கு மாறுகிறவர்கள், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு நாமும் ஓட்டிப் பார்த்தால் என்ன என்று நாற்பது வயதில் துணிந்திருக்கும் அம்மாக்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எனக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி எதுவும் கிடையாது. திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கப் போகிறவன். அங்கே வண்டி பழக வருகிறவர்கள் கேட்டால் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பவன். கேட்காதவர்களுக்கும் சில சமயம் சொல்லிவிடுவேன்.

அந்த மைதானத்தில் வாராவாரம் நடப்பது இது. புது வண்டி, பழகுகிறவர் மேலே, சொல்லித்தரும் அண்ணனோ மாமாவோ பக்கத்தில். "கிளட்ச்சை விடு, ரைஸ் பண்ணு" என்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகும். மறுபடியும் ஸ்டார்ட், மறுபடியும் அதே சத்தம். இந்த முறை வண்டி முன்னால் பாயும். எப்படியோ நாலைந்து தடவையில் கிளம்பி, இரண்டாவது கியர் விழுந்து, முப்பது கிலோமீட்டர் வேகம் வந்ததும் வண்டி தானாக நிமிர்ந்து நேராகப் போகும். "பழகியாச்சு!" என்று மாமா கையைத் தட்டுவார். அடுத்த வாரம் அந்தப் பையனை மைதானத்தில் பார்க்க முடியாது, மெயின் ரோட்டில் பார்க்கலாம். பிறகு டெஸ்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் சுண்ணாம்புப் பொடியில் எட்டு வரைந்துகொண்டு வந்து நிற்பான். வளைவில் கால் ஊன்றும், கோட்டைத் தாண்டும், வண்டி ஆஃப் ஆகும். நண்பனிடம் லேசான வண்டி ஒன்றை இரவல் வாங்கி, தந்திரமாக எட்டைப் போட்டுத் தேறிவிடுவான். அதோடு மெதுவாக ஓட்டுவது என்ற பாடம் அவன் வாழ்க்கையில் முடிந்துபோகும்.

இந்த வரிசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் வேகம், கடைசியில் ஒரு நாள் மட்டும் நிதானம் என்று பழகுகிறோம். முதலில் பழக வேண்டியது நடை வேகம். மனிதன் நடக்கிற வேகத்தில் கால் ஊன்றாமல் வண்டியைக் கொண்டுபோகத் தெரிந்தால், நாற்பதில் ஓட்டுவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பதில் ஓட்டத் தெரிந்தவருக்கு நடை வேகம் தானாக வந்துவிடாது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். இருசக்கர வண்டி வேகத்தில் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். சக்கரம் சுழல்வதால் வரும் சுழற்சி விசைதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்க்க, யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்யக் கிளம்பினார். எதிர்த்திசையில் சுழலும் ஒரு சக்கரத்தைப் பக்கத்தில் பொருத்திச் சுழற்சி விசையை அடித்துப்போட்டார். அப்படியும் அந்தச் சைக்கிளை ஓட்ட முடிந்தது. 2011-இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், சுழற்சி விசையும் இல்லாமல், முன்சக்கரம் கைப்பிடி அச்சைப் பின்தொடரும் அமைப்பும் இல்லாமல், ஆளே இல்லாமல் தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து காட்டினார்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்பினால், சக்கரங்கள் எடைக்கு அடியில் வந்துவிடும், விழுவது நிற்கும். வேகத்தில் இந்த வேலையை வண்டியே பார்த்துக்கொள்கிறது. வேகம் குறையக் குறைய அது கைவிட்டுவிடும். அப்போது அந்த வேலை உங்கள் கைக்கு வருகிறது.

அதனால்தான் மைதானத்தில் தடுமாறுகிற பையன் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறான். முறுக்கினால் வண்டி நிமிர்கிறது, பயம் போகிறது. மனசு அதைப் பிடித்துக்கொள்ளும். தடுமாறினால் வேகம் கூட்டு என்ற பாடத்தை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்வான். பிறகு ரோட்டில் பாருங்கள். சிக்னல் மஞ்சளாகும்போது நிற்காமல் பறப்பது, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நுழைவது, ஸ்பீடு பிரேக்கரில் கியர் குறைக்காமல் தாண்டிக் குதிப்பது. இவர்கள் எல்லோரும் வீரத்தைக் காட்டுவதாக நாம் நினைக்கிறோம். பாதிப் பேருக்கு மெதுவாகப் போக வராது என்பதுதான் என் கணிப்பு. நின்று கிளம்புவது அவர்களுக்குத் தொல்லை, அதனால் நிற்பதில்லை. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள். நடை வேகத்தில் போய் அதிகம் பேர் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் மெதுவாகப் போகத் தெரியாதது அவர்களில் எத்தனை பேரை வேகத்துக்குத் தள்ளியது என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

சரி, கைக்கு வருவோம். முதலில் இடது கை.

"ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டாதே, பிளேட் போயிடும்" என்று உங்களுக்கு யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அநேகமாகக் கார் ஓட்டுகிறவர். காருக்கு அது சரியான புத்திமதி. அங்கே கிளட்ச் பிளேட் எண்ணெய் படாமல் உலர்ந்து இருக்கும். நழுவ நழுவச் சூடேறித் தேயும். நம் ஊரில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிளில் பல பிளேட்டுகள் அடுக்கடுக்காக, இன்ஜின் ஆயிலில் முங்கிக் கிடக்கின்றன. நழுவும்போது பிறக்கும் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். கொஞ்ச தூரம், கொஞ்ச நேரம் கிளட்ச்சை நழுவவிடுவதற்கு இடம் வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ரோட்டில் போகும்போது கிளட்ச் லீவரில் சும்மா விரலைப் போட்டு அழுத்திக்கொண்டே போவது வேறு. அது பிளேட்டைத் தின்னும். மைதானத்தில் பழகும்போது அரை மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள், போதும்.

கிளட்ச்சை "விடு" என்று சொல்வதே எனக்கு உடன்பாடில்லை. விட்டால் குதிக்கும். கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை எப்படிக் கைக்குள் பிடித்தபடியே நழுவவிடுவோமோ, அப்படித்தான். இறங்கவும் வேண்டும், பிடியும் போகக்கூடாது.

போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு செவிலியர் பழக வந்தார். பத்து வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டியவர், ரோட்டுப் பயம் துளியும் இல்லை. அவருடைய சங்கடம் வேறு. நிறுத்த வேண்டும் என்று மூளை சொன்னதும் இடது கை லீவரைக் கப்பென்று பிடிக்கும். ஸ்கூட்டரில் அது பின் பிரேக். இங்கே அது கிளட்ச். பிடித்தால் வண்டி இன்ஜினிடமிருந்து விடுபட்டு உருண்டுகொண்டே போகும். மைதானத்துச் சுவரை நோக்கி அப்படித்தான் உருண்டார். கால் இரண்டையும் தரையில் தேய்த்து நிறுத்தினார். ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கவனத்தில் வையுங்கள்: உங்கள் இடது கை இத்தனை வருஷம் கற்றதை மறக்க நாளாகும். கியர் வண்டி பழகிய பிறகு அவசரத்துக்கு ஸ்கூட்டரை எடுத்தால் இதே கதை தலைகீழாக நடக்கும்.

அவரை ஓட்டச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன். இன்ஜின் ஓடுகிறது, முதல் கியர், இரண்டு காலும் தரையில், வலது கை சும்மா. "கிளட்ச்சை வண்டி நகருகிற வரைக்கும் மட்டும் தளர்த்துங்கம்மா. நகர்ந்ததும் திரும்பப் பிடிச்சுக்குங்க. காலால பின்னுக்குத் தள்ளிக்குங்க. திரும்பவும்." முதலில் விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். லீவர் மயிரிழை மயிரிழையாக வெளியே வந்தது. ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. வண்டி முன்னால் போக எத்தனித்தது. அவர் சட்டென்று பிடித்தார். ஒரு ஜாண் நகர்ந்திருக்கும். "இங்கதானா?" என்று லீவரைப் பார்த்துக் கேட்டார். அங்கேதான். அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற வரைக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் விளையாடிய பையன்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அவர் மைதானத்தை ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அடுத்த ஞாயிறு வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை.

கிளட்ச் பிடிக்கும் அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். ஒரே வண்டியில்கூடக் கேபிள் இழுபட்டால் மாறும். லீவர் நுனியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தாலோ, ஆட்டமே இல்லாவிட்டாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைக் கவனிக்காமல் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறைய.

வலது கைக்கு ஒரே ஒரு பாடம். மணிக்கட்டு தாழ்ந்து இருக்கட்டும். மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா? வண்டி திடீரென்று முன்னால் பாயும்போது உடம்பு பின்னால் சாயும். பின்னால் சாயும் உடம்போடு கையும் போகும். ஆக்சிலரேட்டர் இன்னும் முறுகும். வண்டி இன்னும் பாயும். புது ஆட்கள் வாசல் கேட்டில் போய் முட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை விடு, பிரேக்கைப் பிடி என்றெல்லாம் யோசிக்க முடியாது. இடது கையால் கிளட்ச்சை முழுக்கப் பிடித்துவிடுங்கள். இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் வண்டிக்கு இழுவை கிடைக்காது. இந்த வசதி ஸ்கூட்டரில் இல்லை.

இனி வலது கால். நடை வேகத்தில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் ஃபோர்க் அமுங்கி, எடை முழுக்கத் திரும்பிய பக்கமே சரிந்து, வண்டி அந்தப் பக்கமாகப் படுத்துவிடும். மெதுவாகப் போகும்போது விழுகிறவர்களில் பலர் இப்படி விழுந்தவர்கள்தான். பின் பிரேக்கை லேசாக, பெடல் மேல் காலை வைத்து மென்மையாக அழுத்தியபடியே வைத்திருங்கள். ஆக்சிலரேட்டர் ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே, ஆடாமல் ஒரே இடத்தில். வேகத்தைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் கிளட்ச்சின் வேலை. இன்ஜின் இழுக்கிறது, பின் பிரேக் தடுக்கிறது, நடுவில் கிளட்ச் நழுவிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் வண்டி விறைப்பாக, தள்ளாடாமல் போகும். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே நேரத்தில் கொடுப்பதா என்று மாமா கோபிப்பார். கோபிக்கட்டும்.

இங்கே ஒரு சங்கதி. 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்ற வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமானது, 125 சி.சி. வரை சி.பி.எஸ். இருந்தாலே போதும் என்று விட்டார்கள். சி.பி.எஸ். உள்ள வண்டியில் பின் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிடி போகும். லேசாக அழுத்தும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. வளைவில் பதறிப்போய் ஓங்கி மிதித்தால் தெரியும். அதனால் சின்ன வண்டிக்காரர்கள் முதலில் நேர்க்கோட்டில் உங்கள் பெடல் எந்த அழுத்தத்தில் முன்பக்கத்தை இழுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். நடை வேகத்தில் அது உதவிக்கு வராது. அப்பாவின் பழைய புல்லட்டில் பழகுகிறீர்களா? அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நான் கால் என்று எழுதியதையெல்லாம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வார்த்தை: ஸ்ப்ளெண்டர் 112 கிலோ சொச்சம், கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. பழகுவதற்கு எது என்று நீங்களே முடிவுசெய்யலாம்.

கால் எட்டவில்லை என்று தயங்குகிறவர்களுக்கு: இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டிய அவசியமில்லை. இடது கால் ஒன்று நன்றாக ஊன்றினால் போதும். வலது கால் எப்படியும் பிரேக்கில் இருக்க வேண்டியது. பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு அல்லது ஷூ போடுங்கள்; ரப்பர் செருப்பு கியர் போடும்போது கழன்று விழும், அதைத் தேடிக் குனிகிற நொடியில் வண்டியும் விழும். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். ஹெல்மெட் மைதானத்திலும் வேண்டும்.

நேராக மெதுவாகப் போக வந்ததும் பெரிய வட்டம் போடுங்கள். வண்டியின் நீளத்தைப் போல் ஐந்தாறு மடங்கு விட்டம். வந்துவிட்டால் குறையுங்கள். வட்டத்தில்தான் கண்ணின் வேலை தெரியும். முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி தடுமாறும். கோட்டைப் பார்த்தால் கோட்டுக்கே போகும். வட்டத்தின் எதிர்ப்புறத்தைப் பாருங்கள், தாடை தோளுக்கு மேல் வருகிற அளவுக்குத் தலையைத் திருப்பி. கழுத்து வலிக்கும். இது நம்பிக்கையில் சொல்வதல்ல. ஒரு சுற்று கீழே பார்த்தும் ஒரு சுற்று தலையைத் திருப்பியும் போய்ப் பாருங்கள், வட்டம் எத்தனை அடி சுருங்குகிறது என்று கூட வந்தவரை அளக்கச் சொல்லுங்கள்.

உடம்பு எந்தப் பக்கம் என்பதில் சினிமா நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. ரேஸில் முழங்கால் தரையைத் தொட உள்பக்கம் தொங்குகிறார்களே, அது நூறுக்கு மேல் போகிறவர்களுக்கு. நடை வேகத்தில் நேர்மாறு. வண்டியை உள்பக்கம் சாயவிட்டு, நீங்கள் வெளிப்பக்கம் நிமிர்ந்து உட்கார வேண்டும். சீட்டில் கொஞ்சம் வெளிப்பக்கமாக நகர்ந்து, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை அழுத்துங்கள். முழங்கை இரண்டும் தளர்வாக இருக்கட்டும். கைப்பிடி நிறைய ஆட வேண்டிய நேரம் இது. விறைத்த கை அதை ஆடவிடாது.

மெதுவாகப் போவதற்கு மதிப்பெண் போடும் நாடுகள் இருக்கின்றன. ஜப்பானில் பைக் உரிமத் தேர்வில் இப்போன்பாஷி என்று ஓர் அயிட்டம் உண்டு. 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடை. அதன் மேல் வண்டியை ஏற்றி மறுமுனைக்குப் போக வேண்டும். 400 சி.சி. வரையிலான உரிமத்துக்கு 7 விநாடிக்குக் குறையக் கூடாது; அதற்கு மேற்பட்ட பெரிய வண்டிக்கு 10 விநாடி. சீக்கிரம் கடந்தால் மதிப்பெண் போகும், கீழே இறங்கிவிட்டால் தேர்வே போகும். பத்து விநாடி என்றால் மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர்கூட இல்லை. வேகமாக நடக்கிறவர் உங்களை முந்திவிடுவார். சிங்கப்பூரிலும் எட்டோடு சேர்த்து இப்படியொரு பலகையை வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இல்லாத சங்கதியா இது? பொங்கல் விளையாட்டில் ஊருக்கு ஊர் ஸ்லோ சைக்கிள் போட்டி வைக்கிறோமே! கால் ஊன்றாமல் கடைசியில் வருகிறவருக்கு எவர்சில்வர் குடம் கொடுக்கிறோம். அந்தக் குடத்தை வாங்கிய அக்காக்கள் மைதானத்துக்கு வந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

பலகைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். இரண்டு சுண்ணாம்புக் கோடு போதும். நண்பர் ஒருவர் வேண்டும், கைபேசியில் விநாடி பார்க்க. இன்றைக்கு எத்தனை விநாடி, நாளைக்கு எத்தனை என்று போட்டி போடுங்கள். போட்டி இல்லாமல் எதுவும் ஏறாது.

எட்டு என்பது இரண்டு வட்டம். வட்டம் வந்துவிட்டால் எட்டில் புதிதாகக் கற்க வேண்டியது நடுவில் குறுக்கே கடக்கும் இடம் மட்டும். அந்த இடத்தில் வண்டி ஒரு நொடி நிமிர்ந்து மறுபக்கம் சாய வேண்டும். அங்கே வருவதற்கு முன்பே தலையை அடுத்த வளையத்துக்குத் திருப்பிவிடுங்கள். நிமிரும்போது கிளட்ச்சை ஒரு மயிரிழை தளர்த்தி இழுவை கொடுங்கள்; சாயும்போது திரும்பவும் நழுவவிடுங்கள்.

பயிற்சிப் பள்ளிகள் சொல்லித்தருகிற குறுக்கு வழியும் உங்கள் காதில் விழுந்திருக்கும். முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுக்க விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலிலேயே சுற்றி வா என்பார்கள். இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள் சிலவற்றில் அது நன்றாகவே நடக்கும். இன்ஜின் தானாகவே அணையாமல் பார்த்துக்கொள்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டரும் தேற்றிவிடுவார், அவர் பார்ப்பது கால் ஊன்றுகிறதா, கோட்டைத் தாண்டுகிறதா, கை காட்டுகிறீர்களா என்பதைத்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வழியில் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும் வேகம் ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும். அதைவிடக் குறைக்க உங்களுக்குத் தெரியாது. கேரளத்தில் நெடுங்காலம் எட்டு போட எல்லோரும் நாடியது கையில் கியர் போடும் பழைய எம்80 வண்டியை. அதை வைத்துக் கியர் வண்டி உரிமம் வாங்க முடியாது என்று 2024-இல் நிறுத்தினார்கள். இரவல் வண்டியில் தேறி, சொந்த வண்டியில் விழுவது எந்த ஊரிலும் நடக்கிறதுதான்.

ரோட்டுக்கு வந்தால் இந்தப் பாடம் எங்கெல்லாம் உதவும் என்று நீட்டி முழக்கப் போவதில்லை. இரண்டு இடம் மட்டும். ஒன்று, யூ டர்ன். நம் சாலைகள் தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். பாதி திரும்பும்வரை ஏற்றம், அதன் பிறகு இறக்கம். சமதளத்தில் பழகியவருக்கு அந்த இரண்டாம் பாதியில் வண்டி தானாக வேகமெடுப்பது திகைப்பாக இருக்கும். அங்கே பின் பிரேக் காப்பாற்றும். ஓரத்தில் சேர்ந்து கிடக்கும் மணலையும் பாருங்கள். இன்னொன்று, மேம்பால ஏற்றத்தில் டிராஃபிக் ஜாம். வலது காலால் பின் பிரேக்கை அழுத்தி, இடது காலை ஊன்றி நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கும் இடத்துக்கு வந்து, இன்ஜின் சத்தம் இறங்குவது காதில் விழுந்த பிறகு பிரேக்கை விடுங்கள். அதற்கு முன்பு விட்டால் பின்னால் நிற்கும் ஆட்டோவுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

விழுவீர்கள். நடை வேகத்தில் விழுந்தால் பெரும்பாலும் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும். வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் காலைக் கொடுத்துத் தாங்கப் பார்க்காதீர்கள், கணுக்கால் போய்விடும். விட்டுவிட்டு விலகுங்கள். பிறகு முதல் வேலை இன்ஜினை அணைப்பது. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் விழும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை அணைத்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி நடங்கள். முதுகை வளைத்துத் தூக்குகிறவர்கள் மறுநாள் எழுந்திருக்க மாட்டார்கள். இதையும் இன்ஜினை ஓடவிடாமல் மைதானத்திலேயே ஒரு முறை பழகிப் பாருங்கள், ஒரு பழைய மெத்தையைப் போட்டுப் படுக்கவைத்து.

சொல்லித்தரும் அண்ணன்களுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வரி. கத்தாதீர்கள். பழகுகிறவர் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் சத்தத்தில் அந்த இன்ஜின் சத்தம் கேட்காது.

எல்.எல்.ஆர். காலத்தில் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். சொல்லித்தருகிற உரிமக்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. அந்த உரிமக்காரர் ஏறும் முதல் நாளே வண்டி வேறு வண்டியாகிவிடும். எடை பின்னால் போகிறது, முன் சக்கரம் லேசாகிறது, கிளட்ச் பிடிக்கும் நேரமும் நீளுகிறது. அதனால் அவரை ஏற்றிய பிறகு முதலில் நேர்க்கோடு, பிறகு பெரிய வட்டம் என்று அடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எட்டு வேண்டாம். அவர் ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து ஏறும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கும். இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "ம், ஏறுங்க" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லித்தர இரண்டு பேர் இருந்தால் எடை குறைந்தவரைத் தேர்ந்தெடுங்கள். ரேஷன் அரிசி மூட்டையெல்லாம் உரிமம் வந்த பிறகு.

அன்புடன்,
திருச்சியிலிருந்து.